சைட்ல ஆள் கணக்கை நோட்டுல இருந்து போனுக்கு மாத்துறது எப்படி?

கட்டுமான கம்பெனில ஆள் கணக்குன்னா மஸ்டர் ரோல் நோட்டுதான் (தினமும் யார் வந்தாங்கன்னு எழுதுற வருகை நோட்டு) ஞாபகம் வரும். நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு மழைல அந்த நோட்டு நனைஞ்சு ஒரு வாரத்து வருகை அப்படியே கலைஞ்சு போச்சு, சம்பளம் போடுற அன்னைக்கு ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்ல, ஒரு சித்தாள் அக்காவுக்கு ரெண்டு நாள் ஓவர்டைம் கிடைக்காமலே போச்சு. அதனால எந்த ஆப் நல்லதுன்னு கேட்டா நான் ஒண்ணுதான் பாப்பேன்: உழைச்சவங்களோட ஒரு மணி நேரம் கூட அதுல தொலையக்கூடாது.

படி 1: ஆள் லிஸ்ட்

கூகுள் ஷீட்ஸ் போதும். ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்க, அதனால ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் குடுத்துடுங்க. பக்கத்துல கொத்தனாரா, கம்பி கட்டுறவரா, எந்த மேஸ்திரி டீம், நாள் கூலி எவ்வளவு. கிரேன் ஓட்டுறவங்க மாதிரி ஆளுங்களுக்கு லைசென்ஸ் முடியுற தேதியும் போட்டு, 30 நாள் முன்னாடியே அந்த கட்டம் சிவப்பாகுற மாதிரி செட் பண்ணிடுங்க.

படி 2: வருகை எடுக்குற விதம்

இதுல நிறைய பேர் தப்பு பண்றாங்க, ஆபீஸ்ல நல்லா ஓடுதுன்னு கைரேகை மெஷினை சைட்டுக்கும் வாங்கிடுவாங்க. ஈர சிமென்ட் கடுமையான காரம், பிஎச் 12-க்கு மேல இருக்கும், தினமும் அதுல கை வைக்கிறவங்களுக்கு ரேகை தேஞ்சுடும், காலைல அஞ்சாறு தடவை விரலை அழுத்தியும் மெஷின் ஏத்துக்காம அவங்க பின்னாடி வரிசை நீளும். முகத்தை வச்சு பதியுறது பரவாயில்ல, மாஸ்க்கை மட்டும் ஒரு நிமிஷம் கழட்டணும். இல்லன்னா ஹெல்மெட்ல க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டி சூப்பர்வைசர் போன்ல ஸ்கேன் பண்ணலாம், ஆனா ஒருத்தர் ஹெல்மெட்டை இன்னொருத்தர் கொண்டு வரலாம், அதனால ஆளைப் பாத்துதான் ஸ்கேன் பண்ணணும்.

சைட்டுக்குள்ள வந்தாதான் பதிவாகுற மாதிரி ஜியோஃபென்ஸ், அதாவது போன் மேப்ல சைட்டைச் சுத்தி ஒரு எல்லை, போடலாம். திறந்த வெளில போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரைக்கும் சரியா காட்டும், உயரமான கட்டிடம் பக்கத்துலயும் பேஸ்மென்ட்லயும் நல்லாவே தடுமாறும், அதனால எல்லையை 100 மீட்டர் மாதிரி தாராளமா வைங்க. உள்ள வரும்போதும் வெளிய போகும்போதும் மட்டும் இடம் பதிவானா போதும், நாள் முழுக்க பின்தொடர வேண்டாம், அதையும் முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. உள்ள எத்தனை பேர்னு அந்த நிமிஷமே தெரியுறதால, தீ பிடிச்சா ஆள் எண்ணவும் இந்த லிஸ்ட்தான் கை குடுக்கும்.

படி 3: மணி நேரத்தை வேலையோட சேர்க்குறது

வந்தாரு, போனாருன்னு மட்டும் வச்சுக்காதீங்க. செங்கல் கட்டு, பூச்சு, சென்ட்ரிங்னு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோட் நம்பர் குடுங்க. உதாரணமா 6 கொத்தனார், 6 சித்தாள், 8 மணி நேரம், மொத்தம் 96 மணி நேரம். 8 கன மீட்டர் கட்டினா கன மீட்டருக்கு 12 மணி நேரம். மறுநாள் அதே ஆளுங்க 6 கன மீட்டர்தான் கட்டினாங்கன்னா 16 மணி நேரம் ஆகுது. உடனே ஆளுங்களை குறை சொல்லாதீங்க, செங்கல் லேட்டா வந்துச்சா, சாரம் ரெடியா இருந்துச்சான்னு பாருங்க, பெரும்பாலும் காரணம் அங்கதான் இருக்கும். அதுக்காக குறிப்பு எழுத ஒரு கட்டம் கண்டிப்பா விடுங்க.

படி 4: நெட் இல்லாத இடம்

ஆப் எடுக்குறதுக்கு முன்னாடி போனை ஏரோபிளேன் மோட்ல போட்டு பத்து பேருக்கு வருகை போடுங்க, அப்புறம் நெட்டை ஆன் பண்ணி பத்தும் ஏறுதான்னு பாருங்க. ஒண்ணு குறைஞ்சாலும் வேற ஆப் பாருங்க.

படி 5: ரெண்டு வாரம் நோட்டும் ஓடட்டும்

சாயங்காலம் ரெண்டையும் ஒத்துப் பாருங்க. அதே நேரத்துல ஒவ்வொருத்தருக்கும் அவங்க மொழில "இன்னைக்கு 8 மணி நேரம், ஓவர்டைம் 2 மணி நேரம்"ன்னு மெசேஜ் போகணும், போன் இல்லாதவங்களுக்கு பிரின்ட் எடுத்து கேட் பக்கத்துல ஒட்டுங்க. தப்புன்னா அன்னைக்கே வந்து சொல்வாங்க. திருத்துனா யார் திருத்துனாங்க, எப்போன்னு ஆப்ல பதிவாகணும், இல்லன்னா அந்த ஆப் வேண்டாம். தொடர்ந்து ஒரு வாரம் ரெண்டு கணக்கும் ஒத்துப்போனதும் நோட்டை நிறுத்திடலாம், ஆனா பழைய நோட்டைத் தூக்கிப் போடாம பீரோல வச்சுக்குங்க.