பிக்சல் பிரிண்ட் அசலா? லென்ஸ் சொல்லும்

இன்வேடர் (சதுர ஓடுகளால் பிக்சல் உருவங்கள் பதிக்கும் பிரெஞ்சுத் தெரு ஓவியர்) பாணி பிக்சல் பிரிண்டை 'எண்ணிட்ட ஸ்கிரீன் பிரிண்ட்' என்று விற்றால், பணம் கொடுக்குமுன் 10 மடங்கு நகைக்கடை லென்ஸை ஒரு சதுரத்தின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறமும் வலைத்துணி வழியே தனி மையாக இழுக்கப்படுவதால் சதுரம் புள்ளியின்றி ஒரே சீராக நிரம்பியிருக்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மை லேசாக மேடு தட்டும். ஆஃப்செட் (புத்தகம், போஸ்டர் அடிக்கும் இயந்திர அச்சு) நகலில் பெரும்பாலும் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போலக் கூடி நிற்கும். பென்சில் கையெழுத்தையும் சாய்த்துப் பாருங்கள்: கிராஃபைட் மினுங்கும், அச்சிட்டது மினுங்காது.

ஜிக்லே பதிப்புக்கு இது உதவாது; அது இங்க்ஜெட், நுண்புள்ளிகள் இருக்கத்தான் செய்யும். ஓவியரே ஹாஃப்டோன் (நிழல் காட்டும் புள்ளிகள்) வைத்த இடங்களும் ஏமாற்றும். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். விற்பவர் மறுத்தால் வாங்காதீர்கள்.