கிளெய்ம் நிலுவையில் இருக்கும்போது கார் காப்பீட்டை மாற்றுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய ஒரு காருக்குக் கிளெய்ம் கொடுத்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயரும் வந்து பார்த்துச் சென்றபின், பணம் வருவதற்குள் பாலிசி முடியும் தேதி நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேறொரு நிறுவனத்தில் பிரீமியம் குறைவாக இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பிக்கும்போது, ‘முந்தைய பாலிசியில் கிளெய்ம் செய்தீர்களா?’ என்ற கேள்வி வரும். ஒரு ரூபாய்கூடக் கைக்கு வரவில்லையே என்று நினைத்து ‘இல்லை’ என்பதை அழுத்துவதுதான் இதில் மிகப் பெரிய தவறு.

2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகளின்படி, கிளெய்ம் செய்யாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் பெற வேண்டுமானால், முந்தைய ஆண்டில் கிளெய்ம் செய்திருக்கவும் கூடாது, நிலுவையில் இருக்கவும் கூடாது. பணம் வந்ததா என்பது இங்கே கணக்கில்லை. முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, தொடர்ந்து 5 ஆண்டுகள் கிளெய்ம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை உயரும் இந்தச் சலுகை, சொந்தச் சேதத்துக்கான, அதாவது உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான, பிரீமியத்தில் மட்டுமே கிடைக்கும். அந்தப் பிரீமியம் 12,000 ரூபாய், போனஸ் 45 சதவீதம் என்றால், மறைப்பதால் மிச்சமாவது 5,400 ரூபாய். ஆனால் போனஸ் குறித்த உறுதிமொழி தவறென்று தெரிந்தால், சொந்தச் சேதப் பிரிவின் பலன்கள் அனைத்தையும் இழக்க நேரிடும் என்று அந்த உறுதிமொழியிலேயே நீங்கள் ஒப்புக்கொண்டிருப்பீர்கள். புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் கேட்டுச் சரிபார்க்கவும் விதியுண்டு. எனவே மறைத்தது மறைந்தே இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

கிளெய்ம் முடியட்டும் என்று புதுப்பிக்காமல் காத்திருப்பதும் தவறே. பாலிசி காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், அதுவரை சேர்ந்த போனஸ் முழுவதும் போய்விடும். இடைப்பட்ட நாட்களில் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடும் இல்லாமல் வண்டியைச் சாலையில் எடுப்பது சட்டப்படி குற்றம்.

நிறுவனம் மாறுவதால் பழைய கிளெய்ம் செத்துவிடும் என்று பயந்து அதைத் திரும்பப் பெறுகிறவர்களும் உண்டு. அது வீண் பயம். விபத்து நடந்த தேதியில் நடப்பில் இருந்த பாலிசிதான் அந்தச் சேதத்துக்குப் பொறுப்பு.

கிளெய்ம் நிராகரிக்கப்பட்டாலோ பணம் பெறாமலே முடிந்தாலோ, பழைய நிறுவனத்திடம் அதை எழுத்தில் வாங்கி, போனஸைத் திருத்தித் தருமாறு புதிய நிறுவனத்திடம் கொடுங்கள். இதில் நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை மாறும் என்பதால், பிரீமியம் செலுத்துவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.