நற்கருணை வாங்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன?

திருப்பலியில் (பூசையில்) இயேசுவின் உடலாக நம்பிப் பெறும் அப்பமான நற்கருணையை வாங்கும் நேரத்துப் பாடல் தொடங்கியதும் இருக்கை வரிசை முழுவதும் எழுந்து நடுப்பாதைக்கு நகர, ஒருவர் மட்டும் முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு அமர்ந்திருப்பதைத் தமிழகத்தின் எந்தக் கத்தோலிக்கப் பங்கிலும் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகத்திலும்) காணலாம். காரணம் கேட்டால், சாமியார் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்பதற்கு மேல் பெரும்பாலும் பதில் வராது. எந்தச் சட்டத்தின்படி அந்தத் தடை, அது எதுவரை நீடிக்கும், யாரிடம் போனால் நீங்கும் என்பதை அவருக்கு யாரும் உட்கார்ந்து விளக்கியிருக்க மாட்டார்கள். என் மனத்தாங்கலில் பாதி விதியின் மீது. மீதிப் பாதி, விதியைச் சொல்பவர்கள் வழியைச் சொல்லாமல் விடுவதன் மீது. அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், தடை உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு தடையிலிருந்து தொடங்கவில்லை. சட்டத்தால் தடுக்கப்படாத, திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற எவரையும் நற்கருணைக்கு அனுமதிக்கலாம், அனுமதிக்கவும் வேண்டும் என்று 912-ஆம் எண் கூறுகிறது. விலக்கு 915-இல் வருகிறது: திருச்சபைத் தண்டனை விதிக்கப்பட்டவர்களும், வெளிப்படையான கனமான பாவத்தில் பிடிவாதமாக நிலைத்திருப்பவர்களும் அனுமதிக்கப்படக் கூடாது. இது குருவுக்கான விதி. வாங்குபவருக்கான விதி 916: சாவான பாவம், அதாவது கனமான பாவம், இருப்பதாக மனச்சாட்சி சொன்னால், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுதல்) செய்த பிறகே வாங்க வேண்டும்.

இந்த வரையறையை அறியாததால் தேவையில்லாமல் ஒதுங்கி நிற்பவர்கள் ஏராளம். கணவரால் கைவிடப்பட்டுத் தனியாக வாழும் பெண் நற்கருணை வாங்கத் தடையில்லை. அரசு நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்று, மறுமணம் செய்யாமல் இருப்பவருக்கும் அதனாலேயே தடை வந்துவிடாது. பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் சட்ட உரிமைகளுக்கும் அதுவே ஒரே வழியாக இருக்கும்போது மணமுறிவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு 2383-ஆம் எண்ணில் சொல்கிறது. இதை அறியாமல் பல ஆண்டுகள் பின்வரிசையிலேயே இருந்துவிடும் பெண்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பிள்ளை வேற்று மதத்தில் திருமணம் செய்துகொண்டான் என்பதற்காகப் பெற்றோர் ஒதுங்க வேண்டியதில்லை. மாதவிலக்கு நாளில் வாங்கக் கூடாது என்று திருச்சபையில் விதி எதுவும் இல்லை. பங்கு வரி பாக்கி இருப்பது நற்கருணை மறுப்புக்குக் காரணமாகாது. நோன்பு விதியும் வாங்குவதற்கு முந்தைய 1 மணி நேரத்துக்கு மட்டுமே. தண்ணீருக்கும் மருந்துக்கும் அதில் விலக்கு உண்டு, முதியோரையும் நோயாளிகளையும் அவர்களைக் கவனிப்பவர்களையும் அது கட்டுப்படுத்தாது.

திருமணம்தான் காரணம் என்றால், எந்த வகை என்று பிரித்தறியுங்கள்

நடைமுறையில் தடை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் திருமணத்தைச் சார்ந்ததே. 915-ஆம் எண்ணில் திருமணம் என்ற சொல்லே கிடையாது. மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று உரோமையிலுள்ள திருச்சபைத் தலைமையிடமிருந்து 2000-ஆம் ஆண்டில் தனி விளக்கம் வந்தது. ஆனால் கந்துவட்டிக்கு விடுபவர் என்று ஊரே அறிந்தவர் தடையில்லாமல் வாங்கிச் செல்ல, பதிவுத் திருமணம் செய்த பெண் தன் சொந்த மகளின் புதுநன்மை (முதல் நற்கருணை) நாளில்கூட உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. கனமான பாவம் இந்த ஒரு வகை மட்டுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை விடாமல் வைத்துக்கொண்டே உங்கள் காரியத்தையும் பாருங்கள்.

கத்தோலிக்கர் ஒருவரின் திருமணம் பங்குத்தந்தை, அல்லது ஆயரிடமோ (மறைமாவட்டத்தின் பிஷப்) பங்குத்தந்தையிடமோ அதிகாரம் பெற்றவர் முன்னும், இரு சாட்சிகள் முன்னும் நடந்தால்தான் செல்லும் என்பது சட்டம். சிறப்புத் திருமணச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் நடந்ததும், ஆயரின் விலக்குப் பெறாமல் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்னும் சீர்திருத்தச் சபை) ஆலயத்தில் நடந்ததும் அரசு முன் செல்லுபடியாகும். திருச்சபை முன் ஆகாது. உங்கள் இருவருக்கும் இது முதல் திருமணமாக இருந்து, இந்த முறை மட்டுமே குறைவு என்றால், உங்கள் சிக்கல் எளிதில் தீரக்கூடியது. நம் குடும்பங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்திருந்தால் இரத்த உறவுத் தடைக்கும் விலக்குக் கேட்க வேண்டும்.

பங்கு அலுவலகத்துக்குப் போகும் முறை

திருப்பலி முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் கேட்காதீர்கள். வார நாளில் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, முடிந்தால் இருவருமாகப் போங்கள். அண்மையில் எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ், உறுதிபூசுதல் விவரம், அரசுத் திருமணப் பதிவுச் சான்றிதழ், துணைவர் சி.எஸ்.ஐ. போன்ற சபையைச் சேர்ந்தவரானால் அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழ், உங்களுக்கு முந்தைய திருமணம் இல்லை என்பதை அறிந்த இருவரின் பெயர் ஆகியவை தேவைப்படும். “நான் நற்கருணை வாங்கலாமா?” என்று கேட்டால் வாங்கலாம் அல்லது கூடாது என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். “என் திருமணத்தைச் சீர்செய்ய விரும்புகிறேன், ஆயருக்கு விண்ணப்பம் எழுத உதவுங்கள்” என்று சொல்லுங்கள்.

துணைவர் ஞானஸ்நானம் பெற்ற பிற சபையினர் என்றால் ஆயரின் அனுமதியும், இந்துவோ இசுலாமியரோ என்றால் ஆயர் தரும் தடைவிலக்கும் வேண்டும். துணைவர் மதம் மாற வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் தரப்பு மட்டுமே உறுதி தர வேண்டும். அந்த உறுதி துணைவருக்குத் தெரிவிக்கப்பட்டால் போதும். இருவரிடமும் உறுதி வாங்கிய காலம் 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுலின் ஆணையோடு முடிந்துவிட்டது. ஆனாலும் பழைய கதையைச் சொல்லிப் பயமுறுத்தும் உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள். விலக்கு வந்த பின், பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, குருவும் இரு சாட்சிகளும் முன்னிருக்க வாக்குறுதி சொன்னால் திருமணம் நிறைவேறிவிடும். ஊரைக் கூட்ட வேண்டாம், பந்தலும் வேண்டாம்.

துணைவர் கோயிலுக்கு வர மறுத்தால் பலர் அத்தோடு கைவிட்டுவிடுகிறார்கள். அவசியமில்லை. ‘சனாஸியோ’ என்று குருக்கள் அழைக்கும் இன்னொரு வழி, சட்டத்தின் 1161 முதல் 1165 வரையுள்ள எண்களில் இருக்கிறது. இதில் மீண்டும் வாக்குறுதி சொல்லத் தேவையில்லை; இருவரின் பழைய சம்மதம் இன்றும் நிலைத்திருந்தால், திருமணத்தை அதன் தொடக்கத்திலிருந்தே செல்லுபடியாக்கி ஆயர் ஆணை வழங்கலாம். இப்படி ஒன்று இருப்பதை நீங்களே பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கலாம். கேட்காதவரிடம் எல்லாரும் எடுத்துச் சொல்வதில்லை.

முந்தைய திருமணம் ஒன்று இருந்தால்

இங்கேதான் பாதை நீளும். உங்களுக்கோ உங்கள் துணைவருக்கோ முன்பு திருமணம் நடந்து, அந்தத் துணை உயிரோடு இருந்தால், அரசு மணமுறிவு மட்டும் போதாது. துணைவர் இந்துவாக இருந்து, அவருடைய முதல் திருமணம் இந்து முறையில் நடந்திருந்தாலும் திருச்சபை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பது பலருக்கு அதிர்ச்சி தரும் செய்தி. மாறாக, முந்தைய திருமணத்தில் ஒருவர் கத்தோலிக்கராக இருந்து, அது விலக்குப் பெறாமல் பதிவு அலுவலகத்தில் மட்டும் நடந்திருந்தால், வழக்கு இல்லாமல் ஆவணங்களை வைத்தே அது செல்லாதது என்று உறுதிசெய்துவிடலாம்.

கோயிலில் முறைப்படி நடந்த திருமணமானால் மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தை அணுக வேண்டும். மிரட்டியோ கட்டாயப்படுத்தியோ வாங்கிய சம்மதம், முக்கியமான ஒன்றை ஏமாற்றி மறைத்தது, பிள்ளைப் பேற்றை முதலிலிருந்தே விலக்கிவைத்தது, மணவாழ்வின் கடமைகளை ஏற்க முடியாத உளநிலை ஆகியவை அங்கே கேட்கப்படும் காரணங்களில் சில. பெற்றோரின் மிரட்டலுக்குப் பணிந்து தாலி கட்டிக்கொண்டவர்கள் இதை அற்பமாக நினைக்க வேண்டாம். முன்பு இரண்டு நீதிமன்றங்கள் ஒரே தீர்ப்பைத் தர வேண்டியிருந்தது. திருத்தந்தை பிரான்சிசின் ஆணை நடைமுறைக்கு வந்த 2015 டிசம்பர் 8 முதல், மேல்முறையீடு இல்லையென்றால் ஒரே தீர்ப்பு போதும். கட்டணம் தர இயலாதவர் அதை மனுவிலேயே எழுதலாம்.

வழக்கு நிற்காவிட்டால்? திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் சொன்ன வழி, பிள்ளைகளுக்காகப் பிரிய முடியாதவர்கள் உடலுறவைத் தவிர்த்து வாழ்வதாக ஏற்று, பாவசங்கீர்த்தனம் செய்து வாங்குவது. பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட அன்பின் மகிழ்வு மடலின் எட்டாம் இயலும் அதன் 351-ஆம் அடிக்குறிப்பும், சில வேளைகளில் நற்கருணை, பாவசங்கீர்த்தனம் போன்ற திருவருட்சாதனங்களின் துணையும் மறுமணம் செய்தவர்களுக்குக் கிட்டலாம் என்று இடம் தருகின்றன. ஒரு குருவோடு பலமுறை அமர்ந்து, முதல் குடும்பத்துக்குச் செய்ய வேண்டிய கடமை உட்பட எல்லாவற்றையும் பேசித் தெளிய வேண்டிய காரியம் இது. வரிசையில் நிற்கும்போது தாமாக எடுக்கும் முடிவு அன்று. ஒரு பங்கில் கிடைக்கும் செவி அடுத்த பங்கில் கிடைக்காது என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்துவது.

பதில் வராவிட்டால்

பங்குத்தந்தை காரணம் சொல்லாமல் தள்ளிப்போட்டால், நடந்ததைத் தேதிகளோடு ஒரே பக்கத்தில் எழுதி ஆயருக்கோ, நிர்வாகத்தில் அவருக்கு அடுத்தவரான முதன்மைக் குருவுக்கோ விரைவஞ்சலில் அனுப்புங்கள். தங்கள் தேவைகளை மேய்ப்பர்களிடம் தெரிவிக்கும் உரிமை இறைமக்களுக்கு உண்டு என்று 212-ஆம் எண் கூறுவதால், இது யாரையும் எதிர்த்துச் செய்யும் காரியமாகாது. கடிதத்தின் நகலும் அஞ்சல் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும். காத்திருக்கும் காலத்தில் திருப்பலியை விட வேண்டாம். பிள்ளைகளின் திருமுழுக்கையும் புதுநன்மையையும் உங்கள் திருமண நிலைக்காகத் தள்ளிவைக்கவும் வேண்டாம்.

எல்லாம் முடிந்த பின்னும் ஒரு வேலை இருக்கிறது. திருமணம் சீர்செய்யப்பட்ட செய்தி, நீங்கள் திருமுழுக்குப் பெற்ற பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே குறிக்கப்பட வேண்டும். பங்குத்தந்தை மாற்றலாகிப் போகும் அவசரத்தில் இது விடுபட்டுப் போவதுண்டு. சில வாரங்கள் கழித்து அந்தப் பங்கிலிருந்து புதிய சான்றிதழ் ஒன்றை வாங்கி, குறிப்பில் துணைவரின் பெயரும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.