டகோட்டாவைத் தெருவில் நின்றே பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து நியூயார்க் சுற்றக் கிளம்பும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ட்ரல் பார்க்கின் மேற்கு ஓரம், 72ஆம் தெரு முனையில் டகோட்டா என்ற பழைய அபார்ட்மென்ட் நிற்கிறது. பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னன் சுடப்பட்ட வாசல் என்றுதான் கூட்டிப்போவார்கள். எனக்கு அது தையல் மிஷின் வீடு.

கட்டியவர் எட்வர்ட் கிளார்க், வக்கீல், ஐசக் சிங்கரின் கூட்டாளி. மிஷினுக்குப் பெயர் கொடுத்தது சிங்கர், அதை ஏழை வீட்டுக்குள் கொண்டுவந்தது கிளார்க். மொத்தப் பணம் கொடுக்க முடியாதவர்கள் கொஞ்சம் முன்பணம் கட்டி எடுத்துப்போகலாம், மீதியை மாதாமாதம் கட்டலாம் என்று 1856இல் தவணை முறையைக் கொண்டுவந்தார். பொள்ளாச்சியில் என் அம்மாயி சிங்கர் மிஷின் வாங்கியதும் தவணையில்தான். ரவிக்கை தைத்துத் தைத்தே கடனை அடைத்தார். அந்த மிஷினில்தான் எங்கள் அம்மாவும் தையல் படித்தார், நானும் படித்தேன்.

சரி, போகும் வழி. சப்வேயில் பி அல்லது சி ரயில் பிடித்து 72ஆம் தெருவில் இறங்குங்கள். சனி, ஞாயிறு சி மட்டும்தான். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்காது.

இறங்கியதும் வாசலுக்கு ஓடாதீர்கள். முதலில் சாலையைக் கடந்து பார்க் பக்கம் நின்று முழுக் கட்டடத்தையும் பாருங்கள். மஞ்சள் செங்கல், செங்குத்தான கூரை, கூரையெங்கும் சிறு ஜன்னல்கள். அந்த உச்சி மாடிகள் அன்று வேலைக்காரர்களுக்கும் சலவைக்கும் ஒதுக்கியவை. இலை உதிர்ந்த மாதங்களில் மரம் மறைக்காது.

அப்புறம் திரும்பி வந்து, கட்டடத்தைச் சுற்றியுள்ள இரும்பு வேலியருகே நில்லுங்கள். நான் அதிக நேரம் நின்றது இங்கேதான். தாடி வைத்த கடல் தேவனின் முகம், இரு பக்கமும் உடலை முறுக்கிக்கொண்ட கடல் பாம்புகள். கறுப்பு வண்ணம் தடித்த இடத்தில் விரல் வைத்தேன். சில்லென்ற அந்தத் தொடுகை எனக்குத் தெரியும். அம்மாயியின் மிஷின் கால்மிதியும் இதே போன்ற கொடிவேலை இரும்புதான். சின்ன வயதில் வெறுங்காலை அதில் வைத்து ஆட்டிக்கொண்டே இருப்பேன்.

வேலியிலிருந்து 72ஆம் தெருப் பக்கம் திரும்பி அண்ணாந்து பாருங்கள். வாசலுக்கு மேலே உயரத்தில் டகோட்டா பழங்குடி ஒருவரின் முகம் செதுக்கியிருக்கும். ஊரைவிட்டு அவ்வளவு தொலைவில் கட்டியதால், வெகு தூரத்து டகோட்டா பிரதேசத்தின் பெயர் கேலியாக வந்தது என்பார்கள். நான் நம்பவில்லை. பக்கத்து அவென்யூக்களுக்கே மொன்டானா, வயோமிங் என்று மேற்குப் பகுதிப் பெயர்களை வைக்கச் சொன்னவர் கிளார்க். பெயர் அவர் ஆசையாகத்தான் இருக்கும்.

வளைவு வாசலுக்குள் விடமாட்டார்கள், காவலர் நிற்பார். நடைபாதையில் நின்றபடியே உள்முற்றத்தை எட்டிப் பார்க்கலாம். குதிரை வண்டி நேரே உள்ளே போகும்படி அமைத்த வழி அது. பணக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் வாடகைக்கு இருப்பதைக் கௌரவக் குறைவாக நினைத்த காலத்தில், கட்டட நிபுணர் ஹென்றி ஹார்டன்பர்கை வைத்து 65 வீடுகள் கட்டினார் கிளார்க். வேலை தொடங்கியது 1880இல், முடிந்தது 1884இல். திறக்கும்போதே எல்லா வீடுகளுக்கும் ஆள் வந்தாயிற்று. பார்க்க அவர் இல்லை, 1882இலேயே இறந்துவிட்டார். கட்டடம் 12 வயதுப் பேரனுக்குப் போனது. 1961இல்தான் குடியிருப்பவர்களே சேர்ந்து வாங்கிக்கொண்டார்கள்.

கடைசியாக 73ஆம் தெருவுக்கும் நடந்துவிடுங்கள். கிளார்க் கட்டிய வரிசை வீடுகளில் சில இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கும் டகோட்டாவிலிருந்தே மின்சாரம் போனது. அங்கே யாரும் படம் எடுப்பதில்லை, நிதானமாக நின்று பார்க்கலாம்.