கொம்பியூட்டர் ஃபான் இரையுதா, எரிஞ்ச மணம் வருதா? முதல் பிளக்கைக் கழட்டுங்கோ

சோளகக் காத்து தொடங்கினா எங்கட கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கிரவல் றோட்டுப் புழுதி வராத வீடில்லை, அதே புழுதிதான் கொம்பியூட்டருக்குள்ளயும் போய் அடையுது. பிறகு ஒருநாள் ஃபான் கர்ர் எண்டு இரையும், சிலநேரம் எரிஞ்ச மணமும் சேர்ந்து வரும். ரெண்டையும் ஒண்டா நினைக்காதேங்கோ. சத்தம் எண்டா ரெண்டு நாள் பொறுக்கலாம், மணம் எண்டா ஒரு நிமிசமும் பொறுக்கேலாது.

மணம் வந்தா உடன சுவிட்சை நிப்பாட்டி பிளக்கைக் கழட்டுங்கோ. சட் டவுண் ஆகட்டும் எண்டு காத்துக்கொண்டு நிக்க வேண்டாம், சேவ் பண்ணாத ஃபைல் போனாப் போகட்டும். புகை கண்டா தண்ணி ஊத்தவே கூடாது.

அடுத்தது, மணம் எங்கயிருந்து வருது எண்டு தேடுங்கோ. முதல் பிளக்கும் மல்டி பிளக்கும்: பின் கறுத்திருக்கா, பிளாஸ்டிக் உருகியிருக்கா? கனபேர் கொம்பியூட்டரைக் கழட்டிப்போட்டு இருப்பினம், பிழை லூசான பிளக்கில கிடக்கும்.

பின்னால வயர் குத்திற பவர் சப்ளை பெட்டியில மணந்தா அதைத் திறக்காதேங்கோ, தயவுசெய்து. 230 வோல்ட் கரண்ட் அதுக்குள்ள கிட்டத்தட்ட 325 வோல்ட் டீசியா (ஒரே திசையில ஓடுற கரண்டா) மாறி, கரண்டைச் சேர்த்து வைக்கிற கப்பாசிட்டரில நிக்கும், பிளக்கைக் கழட்டின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும், கை பட்டா உயிருக்கே ஆபத்து. பெட்டியோட மாத்துறதுதான் சரி.

இனி கொம்பியூட்டர் கேசின்ர பக்கவாட்டு மூடியைக் கழட்டி, உள்ள ஒண்டையும் தொட முதல் கேசின்ர இரும்பில கை வையுங்கோ. மதர்போர்டில, அதாவது உள்ள இருக்கிற பெரிய சர்க்கிட் பலகையில, நிக்கிற குட்டி உருளைகளும் கப்பாசிட்டர்தான், தலை தட்டையா இருக்கோணும், உப்பியிருந்தா இல்லாட்டி கசிஞ்சிருந்தா பழுது. கசிஞ்சா சிலநேரம் மீன் வெடுக்கு மாதிரி மணக்கும். போன வருசம் மல்லாவியில சித்தி வீட்டு மிசினைத் திறந்தா ஃபான் இறகுக்கும் பிரேமுக்கும் இடையில ஒரு பல்லி காய்ஞ்சு கிடந்தது, வால் மட்டும் வெளிய நீட்டிக்கொண்டு. ஃபான் சுத்தேலாம நிண்டு அதின்ர மோட்டரே சூடாகி மணந்திருக்கு.

சத்தம் மட்டும் எண்டா, பிளக் கழட்டினபடியே இறகை விரலால மெல்லச் சுத்திவிடுங்கோ. லேசாச் சுத்தி ஆறுதலா நிண்டா ஃபான் நல்லம், அப்ப வயர் ஏதும் இறகில முட்டுதா, ஸ்க்ரூ லூசா எண்டு பாருங்கோ. மண் அரைபடுற மாதிரி இருந்து டக்கெண்டு நிண்டா பெயரிங், அதாவது ஃபான் அச்சைத் தாங்கிச் சுத்தவிடுற பகுதி, பழுதாப் போட்டுது.

துப்பரவாக்க ஒரு காய்ஞ்ச பெயின்ற் பிரஷ் போதும், முத்தத்தில வைச்சுச் செய்யுங்கோ. புளோவர் அடிக்கிறதெண்டா இறகை விரலால பிடிச்சுக்கொண்டு அடியுங்கோ, சும்மா சுத்தவிட்டா ஃபான் கரண்ட் உண்டாக்கி போர்டுக்கு அனுப்பும். பெயரிங்குக்கு, ஃபானின்ர ஸ்டிக்கரை உரிச்சு ஓட்டை இருந்தா தையல் மிசின் எண்ணெய் ஒரு துளி விடலாம். தேங்காய் எண்ணெய் விடாதேங்கோ, நாள்பட பிசினாகி இன்னும் இறுகும். எண்ணெய் விட்டாலும் கொஞ்சக் காலம்தான் ஓடும், அதுக்குள்ள புது ஃபான் வாங்குங்கோ. பழசைக் கழட்டி கடைக்கே கொண்டுபோங்கோ, 80 மில்லிமீற்றரா 120 ஆ, வயர் முனையில எத்தினை பின், 12 வோல்ட்தானா எண்டு ஒப்பிட்டுப் பாக்கலாம். பூட்டேக்க ஸ்டிக்கர் இருக்கிற பக்கத்தாலதான் காத்து வெளிய போகும், மாறிப் பூட்டிப்போடாதேங்கோ.

பூட்டி முடிஞ்சு மூடியைப் போட்டு ஓடவிட்டு அரை மணித்தியாலம் பக்கத்திலயே இருங்கோ. மணம் திரும்ப வந்தா பிளக்கைக் கழட்டி திருத்துற ஆளிட்டக் குடுங்கோ.