அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து: என் முதுமாணிப் பதிவு

பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் (மாஸ்டர்ஸ்) பதிவுக்கு அனுப்பிய விண்ணப்பம் மூன்று கிழமையில் திரும்பி வந்தது. மூலையில் பென்சிலால் 'பெயர் வேறுபாடு' என்று மட்டும் எழுதியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் அப்பா 'சிவராசா', பட்டச் சான்றிதழில் 'சிவராஜா'.

பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதி 2009இல் புதுக்குடியிருப்புப் பக்கம் இடம்பெயர்ந்தபோதே போய்விட்டது. அம்மா பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக் காப்பாற்றியது அடையாள அட்டைகளை மட்டும்தான். வன்னியில் பல வீடுகளில் இதே கதை.

கிளிநொச்சியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு இரண்டு தரம் பஸ் ஏறிப் போனேன். துறையில் கேட்டால் பதிவாளர் கிளைக்குப் போகச் சொன்னார்கள், அங்கே துறைக்கு. கடைசியில் துறை எழுதுவினைஞர் அக்காதான் வழி சொன்னா: "தங்கச்சி, சத்தியக் கடதாசி ஒண்டு முடிச்சு, தலைவர் ஊடாக அனுப்புங்கோ."

பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி எடுத்தேன். இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசியில் எழுதி, சமாதான நீதவான் முன் கையொப்பமிட்டேன். முத்திரை தெளிவாக விழுந்ததா என்று அங்கேயே பார்த்துக்கொண்டேன்.

முக்கியமானது முகப்புக் கடிதம். முதல்முறை நேரே பதிவாளருக்கு எழுதியது பிழை. இம்முறை 'மேற்பார்வையாளர் ஊடாக, துறைத்தலைவர் ஊடாக' என்று எழுதி இருவரின் பரிந்துரையும் வாங்கினேன். என் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரும்வரை யன்னலை விட்டு நகரவில்லை.

பதினொராம் நாள் பதிவு இலக்கம் வந்தது.