ஷவர் பக்கம் கண்ணாடி வைக்கப் போகிறீர்களா? இந்த வரிசையில் பாருங்கள்

போன வருடம் அக்கா வீட்டுப் பாத்ரூமில் ஷவருக்குக் கண்ணாடித் தடுப்பு வைக்க ஆர்டர் கொடுத்தார்கள். கடையில் "டஃபன்ட்தான்" (சூடாக்கிப் பலப்படுத்திய பாதுகாப்புக் கண்ணாடி) என்று வாயால் சொன்னார்கள், பில்லில் "8 மி.மீ. கண்ணாடி" என்று மட்டும் இருந்தது. கண்ணாடி வந்ததும் அதன் நான்கு மூலையிலும் தேடினேன், தர முத்திரையே இல்லை. திருப்பி அனுப்ப வைத்தேன். ஈரத் தரையில் கால் வழுக்கினால் கை தானாகப் பக்கத்தில் இருப்பதைப் பிடிக்கப் போகும், உடம்பில் துணியும் இருக்காது, அந்த நேரத்தில் சாதாக் கண்ணாடி கத்தி கத்தியாக உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் டேப்பை எடுங்கள். ஷவர் தடுப்பு, கதவு இரண்டுக்கும் பாதுகாப்புக் கண்ணாடிதான், அதில் பேச்சே இல்லை. ஜன்னலுக்கு அமெரிக்க வீட்டு விதியில் உள்ள 5 அடிக் கணக்கு வசதியானது: கண்ணாடியின் கீழ் விளிம்பு நிற்கும் தரையிலிருந்து 5 அடிக்குள் இருந்து, ஷவர் அல்லது தொட்டியின் ஓரத்திலிருந்தும் 5 அடிக்குள் இருந்தால் அதையும் பாதுகாப்புக் கண்ணாடியாக மாற்றுங்கள். தலைக்கு மேல் இருக்கிற வெண்டிலேட்டர் இதில் வராது.

அடுத்து, எந்த வகை. டஃபன்ட் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சி சட்டென்று குளிர வைக்கிறார்கள். சாதாக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம், உடைந்தாலும் கற்கண்டு மாதிரி சின்னத் துண்டுகளாகக் கொட்டும். லேமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம், உடைந்தாலும் அதிலேயே ஒட்டி நிற்கும். வீட்டு ஷவருக்கு டஃபன்ட் போதும்.

அளவெடுப்பதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். டஃபன்ட் ஆன பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது, முயன்றால் மொத்தமாக நொறுங்கிவிடும். அதனால் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகே அளவெடுங்கள். சுவர் நேராக இருக்காது, மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, கீல், கைப்பிடிக்கான துளைகளையும் முன்கூட்டியே குறித்துக் கொடுங்கள்.

கண்ணாடி வந்ததும் மூலையைப் பாருங்கள். ஐஎஸ்ஐ குறியும் ஐஎஸ் 2553 என்ற எண்ணும் அழியாதபடி பதிந்திருக்க வேண்டும், உரிக்க முடிகிற ஸ்டிக்கரை நம்பாதீர்கள். சந்தேகமா? போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டு, பகல் வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள், டஃபன்ட் என்றால் பெரும்பாலும் மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ தெரியும்.

அப்புறம், மாட்டுவது. டஃபன்ட் கண்ணாடிக்கு விளிம்புதான் பலவீனம். டைல்ஸ் மேல் நேரடியாக நிறுத்த விடாதீர்கள், கீழே மரக்கட்டையோ தடித்த அட்டையோ போடச் சொல்லுங்கள். கீலின் உலோகம் கண்ணாடியில் படாமல் நடுவே ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் துளி சில்லு பெயர்ந்திருந்தாலும் வாங்காதீர்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், கண்ணாடிக் கதவின் கைப்பிடியைப் பிடித்து எழ விடாமல், சுவரிலேயே ஒரு பிடிகம்பி அடித்துக் கொடுங்கள்.